வீட்டுக்குள் ரேடான்: நம்ம பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெருந்துறை, சென்னிமலை, காங்கயம் பக்கம் வீடு கட்டிக் கொடுக்கும் சிவில் இன்ஜினியர் நான். சில வருடம் முன்பு வரை ரேடான் என்றால் தனிம அட்டவணையின் கடைசிப் பத்தியில் இருக்கும் ஒரு பெயர், அவ்வளவுதான் தெரியும். என்னிடம் வீடு கட்டிய ஒருவரின் மகன் அமெரிக்காவில் ஓஹியோவில் வீடு வாங்கினார். அங்கே வீடு கைமாறும்போது ரேடான் அளந்து பார்ப்பது வழக்கம். அவர் அடுத்த லீவுக்கு வந்தபோது பெட்டியில் ஓர் அளவுக் கருவியும் வந்தது. அப்பாவும் அம்மாவும் படுக்கும் அறையில் வைத்துவிட்டு, "அண்ணா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று என்னைக் கூப்பிட்டார். அப்புறம் ஹார்டுவேர் கடையில், கல்யாணப் பந்தியில், சைட்டில் என்று எங்கே போனாலும் இதே பேச்சு. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

ஏனுங்க, ரேடான்னா என்னங்க? செல்போன் டவர்ல இருந்து வருதே, அதுங்களா?

இல்லை. டவரிலிருந்து வருவது ரேடியோ அலை. ரேடான் ஒரு வாயு. எந்தப் பாறையை எடுத்தாலும், எந்த மண்ணை எடுத்தாலும் அதில் துளியளவு யுரேனியம் இருக்கும். அது மெல்ல மெல்லச் சிதைந்து ரேடியம் ஆகிறது, ரேடியம் சிதைந்து ரேடான் ஆகிறது. யுரேனியமும் ரேடியமும் திடப்பொருள், கல்லுக்குள்ளேயே கிடக்கும். ரேடான் வாயு என்பதால் மண் இடுக்கில் புகுந்து மேலே கசியும். திறந்தவெளியில் வந்தால் காற்றோடு கலந்து ஒன்றுமில்லாமல் போகும். மேலே வீடு இருந்தால் வீட்டுக்குள் ஏறும்.

அதற்கு ஆயுள் குறைவு. இன்று இருப்பதில் பாதி 3.8 நாளில் சிதைந்துவிடும். ஆனால் கீழே ரேடியம் தீராமல் சுரந்துகொண்டே இருக்கிறது. ரேடியத்தின் பாதி ஆயுள் சுமார் 1,600 வருடம். அதனால் தானாகத் தீர்ந்து போகட்டும் என்று காத்திருக்க முடியாது.

கண்ணுக்குத் தெரியல, வாசமும் இல்லை. அப்புறம் அது நம்மளை என்ன பண்ணும்?

ரேடானை மூச்சில் இழுத்தால் பெரும்பகுதி அப்படியே வெளியே வந்துவிடும். வம்பு அதன் வாரிசுகளால்தான். ரேடான் சிதைந்ததும் பொலோனியம், ஈயம், பிஸ்மத் என்று வரிசையாகத் திடப்பொருள்கள் பிறக்கின்றன. அவை காற்றில் மிதக்கும் தூசியில் ஒட்டிக்கொண்டு நுரையீரலில் போய் உட்காருகின்றன. அவற்றில் சில நிமிடக்கணக்கில் சிதைந்து ஆல்ஃபா கதிரை அங்கேயே விடுகின்றன. ஆல்ஃபா கதிர் ஒரு காகிதத்தைக்கூடத் தாண்டாது, தோலுக்கு வெளியே இருந்தால் கவலையில்லை. நுரையீரலின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு விட்டால்தான் ஆபத்து. பல வருடம் இப்படி நடந்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே ரேடானை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. தலைவலி, மூச்சுத்திணறல், கண் எரிச்சல் எதுவும் வராது. "எங்களுக்கு ஒண்ணும் தெரியலையே" என்பதை வைத்து முடிவுக்கு வர முடியாது.

முதலில் இது சுரங்கத் தொழிலாளர் பிரச்சினையாகத்தான் பார்க்கப்பட்டது. 1984-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஸ்டான்லி வாட்ரஸ் என்ற இன்ஜினியர் தான் வேலை பார்த்த அணுமின் நிலையத்தில் கதிர்வீச்சு எச்சரிக்கை மணியை அலற வைத்தார். நிலையத்தில் ஒட்டியது இல்லை, வீட்டிலிருந்தே சட்டையில் கொண்டு வந்திருந்தார். அவர் வீட்டை அளந்தால் ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு லட்சம் பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு, விளக்கம் கீழே) பக்கம் இருந்தது. சாதாரண வீட்டிலும் இது இருக்கும் என்று அமெரிக்கா விழித்துக்கொண்டது அதற்குப் பிறகுதான். தரைக்கு அடியில் வேலை பார்த்துக் குறைத்தபின் அந்தக் குடும்பம் அதே வீட்டுக்குத் திரும்பியது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

எங்க அப்பிச்சி இதே மண்ணுல தொண்ணூறு வயசு வரைக்கும் கல்லாட்டம் இருந்தாரே?

இருந்திருப்பார். இரண்டு காரணம் சொல்லலாம். ஒன்று, இது எல்லோருக்கும் வருவது இல்லை. ஐரோப்பாவில் 13 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2005-ல் ஒரு கணக்கு வெளியானது. வாழ்நாளில் புகைக்காதவர்களில் 75 வயதுக்குள் நுரையீரல் புற்றுநோயால் இறப்பவர்கள், ரேடானே இல்லாத வீட்டில் ஆயிரத்துக்கு 4 பேர், 100 பெக்கரல் உள்ள வீட்டில் 5 பேர், 400 பெக்கரல் உள்ள வீட்டில் 7 பேர். புகைப்பவர்களுக்கு அதே கணக்கு ஆயிரத்துக்கு 100, 120, 160. பீடி, சிகரெட்டோடு ரேடான் கூட்டுச் சேர்ந்தால்தான் எண்ணிக்கை எகிறுகிறது.

இரண்டாவது, அப்பிச்சி இருந்த வீடு. ஓட்டு வீட்டில் ஓட்டுக்கு இடையே காற்று போய்க்கொண்டே இருக்கும். தொட்டிக்கட்டு வீடென்றால் நடுவில் வானமே திறந்திருக்கும். பகல் முழுக்கக் காடு, ராத்திரி திண்ணையிலோ களத்திலோ கட்டில். அவருக்கு ரேடான் சேர வழியே இல்லை. அவர் பேரன் அதே இடத்தில் கான்கிரீட் கூரை போட்டு, அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல் வைத்து, ஏசி போட்டு, எட்டு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார். அடியில் இருக்கும் மண் மாறவில்லை, மேலே இருக்கும் வீடுதான் மாறிவிட்டது.

நம்ம பக்கம் பாறையில இது ஜாஸ்தியா இருக்குதுங்களா?

கொங்கு நாடு முழுக்கப் பழைய கடினப் பாறை மேல் உட்கார்ந்திருக்கிறது. நைஸ், சார்னக்கைட், ஊடே ஊடே கிரானைட். பொதுவாகக் கிரானைட்டில் யுரேனியம் கொஞ்சம் கூடுதல், சார்னக்கைட்டில் குறைவு. சங்ககிரிப் பக்கம் கிரானைட் இருக்கிறது. சிவன்மலையில் சயனைட் (syenite, விஷமான சயனைடு இல்லை) என்ற வேறு வகைப் பாறை. காங்கயம், கரூர் பக்கம் ரத்தினக்கல் தோண்டுகிறார்களே, அதற்குக் காரணமான பெக்மடைட் என்ற பாறை ஓட்டங்களும் உண்டு. ஆக, பத்து கிலோமீட்டருக்குள் பாறை மாறும். "எங்க ஊர்ல இருக்கு, உங்க ஊர்ல இல்லை" என்று ஊர் பெயரை வைத்துச் சொல்பவரை நம்ப வேண்டாம். அடுத்தடுத்த இரண்டு வீட்டில்கூட அளவு வேறு வேறாக இருக்கும், ஏனென்றால் பாறையைப் போலவே தரையின் விரிசலும் காற்றோட்டமும் கணக்கில் வருகின்றன.

கோவை பாரதியார் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் கூடலூர் மண்ணின் இயற்கைக் கதிரியக்கத்தை அளந்து ஆய்வுக்கட்டுரை எழுதியிருக்கிறார்கள். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலைப் பற்றிப் பேப்பரில் படித்துவிட்டு வந்து சிலர் கேட்கிறார்கள். அது தோரியம் மணல், கன்னியாகுமரி மாவட்டச் சமாச்சாரம். நம்ம பக்கத்துக்குப் பொருந்தாது.

எவ்வளவு இருந்தா பயப்படோணும்?

அளவு பெக்கரலில். ஒரு கன மீட்டர் காற்றில் வினாடிக்கு எத்தனை அணு சிதைகிறது என்பது கணக்கு. உலகம் முழுக்க வீடுகளின் சராசரி சுமார் 40. வெளிக்காற்றில் 5 முதல் 15. உலக சுகாதார நிறுவனம் 2009-ல் சொன்னது: முடிந்தால் வருடச் சராசரி 100-க்குள் இருக்கட்டும், எப்படியும் 300-ஐத் தாண்ட வேண்டாம். அமெரிக்கக் கருவிகள் பிக்கோகியூரி என்று காட்டும். அதை 37-ஆல் பெருக்குங்கள். அவர்கள் சொல்லும் எல்லை 4, அதாவது 148 பெக்கரல்.

என் பழக்கம் இது: 100-க்குள் இருந்தால் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். 100-க்கும் 300-க்கும் நடுவில் இருந்தால் காசு செலவில்லாத வழிகளை முதலில் செய்து மறுபடி அளக்கலாம். 300-க்கு மேல் இருந்தால் தரையில் கைவைக்க வேண்டியதுதான்.

பேஸ்மென்ட் இருக்கற வீட்டுக்குத்தான் ரேடான் வரும்னு போட்டிருக்குது. எங்க வீட்டுக்கு மூணு அடி பேஸ்மட்டம் இருக்குதுங்களே?

இந்தக் குழப்பம் எனக்குப் பிடித்த குழப்பம். அமெரிக்காக்காரர் சொல்லும் பேஸ்மென்ட் தரைக்குக் கீழே இருக்கும் அறை. நாம் சொல்லும் பேஸ்மட்டம் தரைக்கு மேலே கட்டி மண் நிரப்பிய மேடை. இரண்டும் ஒன்றில்லை. மேடை உயரமாக இருந்தால் ரேடான் வராது என்றும் இல்லை, நிரப்பிய கிராவலிலும் அதற்குக் கீழே உள்ள மண்ணிலும் ரேடியம் இருக்கத்தான் செய்கிறது. நம் பேஸ்மட்டத்தை வாயு தங்கும் ஒரு பெரிய மூட்டை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மூட்டையிலிருந்து வீட்டுக்குள் வரும் வழிகள்: தரையும் சுவரும் சேரும் ஓரத்தில் விழும் மயிரிழை விரிசல், குழாயும் ஒயர் பைப்பும் தரையைத் துளைத்து வரும் இடம், யாரும் புழங்காத பாத்ரூமில் தண்ணீர் வற்றிப்போன நஹானி ட்ராப் (தரைத் தண்ணீர் இறங்கும் ஓட்டைக்கு அடியில் இருக்கும் வளைவு), வீட்டுக்குள்ளேயே மூடி போட்டிருக்கும் சம்ப். சும்மா ஊறி வருவது கொஞ்சம்தான். வீட்டுக்குள் காற்றழுத்தம் மண்ணில் இருப்பதைவிடத் துளி குறைந்தாலும் வீடே மண்ணிலிருந்து காற்றை உறிஞ்சும். பெரும்பகுதி அப்படி வருவதுதான். வணிக வளாகங்களில் நிலத்துக்கு அடியில் கடையோ குடோனோ வைத்திருப்பவர்கள் மட்டும் அமெரிக்காக்காரர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

வாயு காத்தை விட கனம்னு சொல்றாங்க. அப்ப தரையில பாய் போட்டுப் படுக்காம கட்டில்ல படுத்தாச் சரியாயிடுமா?

ஆகாது. ரேடான் காற்றைவிட ஏழரை மடங்கு கனம் என்பது உண்மை. ஆனால் அது இருக்கும் அளவு மிக மிக அற்பம். மின்விசிறி சுற்றக்கூட வேண்டியதில்லை, ஒரு ஆள் நடந்தாலே அறை முழுக்கக் கலந்துவிடும். கட்டிலில் இருப்பவருக்கும் பாயில் இருப்பவருக்கும் ஒரே காற்றுதான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. தோரியத்திலிருந்து தோரான் என்று இதன் பங்காளி ஒன்று வரும். அதன் பாதி ஆயுள் 56 வினாடிகூட இல்லை. அதனால் பூசாத மண் சுவர், மண் தரை இவற்றை ஒட்டி ஒரு சாண், இரண்டு சாண் தூரத்துக்குள்ளேயே தீர்ந்துபோகும். கருவியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் சிலது தோரானையும் சேர்த்து எண்ணிவிடும்.

சரிங்க, எப்படி அளக்கறது? லேப்புல கொண்டு போய்க் குடுக்கலாமா?

காற்றை டப்பாவில் பிடித்துக் கொடுப்பதற்குப் பதில் டப்பாவை வீட்டில் வைத்து எடுப்பதுதான் முறை. ஆல்ஃபா தடம் பதியும் சின்ன பிலிம் உள்ள டப்பாவை மூன்று மாதம் வைத்து, பிறகு ஆய்வகத்தில் தடங்களை எண்ணுவார்கள். நம் நாட்டில் பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய வகை டப்பாவைத்தான் பல்கலைக்கழகங்கள் பயன்படுத்துகின்றன. இயற்பியல் துறையில் கதிரியக்க ஆராய்ச்சி நடக்கும் கல்லூரி பக்கத்தில் இருந்தால் போய்க் கேளுங்கள். ஆராய்ச்சி மாணவர்களுக்கு வீடுகள் தேவைப்படும், உங்களுக்கு அளவு தேவைப்படும். இல்லையென்றால் மின்னணுக் கருவி.

கருவியைக் கீழ்த்தளத்தில், அதிக நேரம் ஆள் இருக்கும் அறையில், அதாவது படுக்கை அறையில் வையுங்கள். தரையிலிருந்து இரண்டு அடிக்கு மேல், சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி, ஜன்னல் ஓரமாக இல்லாமல். சமையலறையும் பாத்ரூமும் வேண்டாம். ஒரு வீட்டில் பாட்டி "இது என்னமோ கண்ணு, பச்சை லைட் எரியுது" என்று பீரோவுக்குள் பத்திரமாக வைத்துப் பூட்டிவிட்டார். அந்த ஒரு மாதக் கணக்கு வீண்.

ஒரு நாள் 40 காட்டுது, ஒரு நாள் 160 காட்டுது. மிஷின் கெட்டுப் போச்சுங்களா?

கெடவில்லை. ரேடான் அப்படித்தான் ஏறி இறங்கும். ஜன்னல் சாத்திய ராத்திரியில் ஏறும், காலையில் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்ததும் இறங்கும். நல்ல மழை பெய்தால் வீட்டைச் சுற்றியுள்ள மண் நனைந்து அடைத்துக்கொள்ளும், வாயு காய்ந்த இடமான வீட்டு அடிக்குத் திரும்பும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கதவைப் பிடுங்கும்போது எண் கீழே கிடக்கும். மார்கழியில் பனிக்குப் பயந்து சாத்திவிட்டால் மேலே போகும்.

அதனால் ஒரு நாள் எண்ணை வைத்துத் தூக்கம் கெட வேண்டாம். மூன்று மாதச் சராசரியைப் பாருங்கள். அவசரம் என்றால் ஒரு வாரம், கதவு ஜன்னலைப் பன்னிரண்டு மணி நேரம் முன்னதாகவே சாத்தி, வழக்கமான போக்குவரத்து மட்டும் வைத்து அளக்கலாம். அது வீட்டின் மோசமான பக்கத்தைக் காட்டும். ஆடி மாதம் மட்டும் அளந்துவிட்டு "எங்க வீட்டுல இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள்.

ஜன்னலைத் திறந்து வெச்சாப் போதாதுங்களா?

பெரும்பாலான வீட்டுக்குப் போதும், இதை நான் தயங்காமல் சொல்வேன். வீட்டுக்குள் காற்று மாறும் வேகம் இரட்டிப்பானால் ரேடான் ஏறக்குறைய பாதியாகும். எதிரெதிர் ஜன்னல் இரண்டைத் திறந்தால் அதைவிடவும் குறையும். கீழ் ஜன்னலைத் திறப்பது நல்லது. மேலே உள்ள வென்டிலேட்டரை மட்டும் திறந்து கீழே எல்லாம் சாத்தினால் சூடான காற்று மேலே போய், அந்த இடத்தை நிரப்பத் தரையிலிருந்து இழுக்கும். கொசுவுக்கு ஜன்னலில் வலை அடித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

ஆனால் ஜன்னலைச் சாத்திய பன்னிரண்டு மணி நேரத்துக்குள் பழைய அளவுக்கு வந்துவிடும். சாயங்காலம் ஒரு மணி நேரம் திறந்துவைத்துவிட்டு ராத்திரி முழுக்கச் சாத்திக்கொள்வது நடுராத்திரி வரைக்கும்கூடத் தாங்காது. ரோட்டோர வீடு, சாயப்பட்டறை வாசம், திருட்டுப் பயம் என்று திறக்கவே முடியாத அறைகள் இருக்கின்றன. அங்கே இது தீர்வாகாது.

ஏசி ஓடுதே, அது காத்தை மாத்தாதா? இல்லைன்னா ஏர் ப்யூரிஃபயர் வாங்கிடறேன்.

ஸ்ப்ளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிராக்குகிறது. புதுக் காற்று ஒரு சொட்டு வராது. முதன்முதலாகக் கருவி வைத்த பெருந்துறை வீட்டில் இதைத்தான் பார்த்தோம். ஏசி போட்டுத் தூங்கிய அறையில் காலை ஆறு மணிக்கு இருந்த எண், இரவு பத்து மணிக்கு இருந்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல். கதவைத் திறந்து வைத்துவிட்டு காப்பி குடித்து வருவதற்குள் இறங்க ஆரம்பித்துவிட்டது. அறைக்கதவுக்குக் கீழே அரை இஞ்ச் இடைவெளி விட்டு, ஹாலில் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்ததிலேயே அந்த வீடு அடங்கிவிட்டது. தரையை உடைக்கவே இல்லை.

ப்யூரிஃபயர் தூசியைப் பிடிக்கும், ரேடானைப் பிடிக்காது. தூசி இல்லாவிட்டால் ரேடானின் வாரிசுகள் ஒட்ட இடமில்லாமல் தனியாக மிதந்து நுரையீரலில் இன்னும் எளிதாகப் படியும் என்பதால் இதை ஒரு தீர்வாக யாரும் பரிந்துரைப்பதில்லை. தூசிக்காக வேண்டுமானால் வாங்குங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஜன்னல் எல்லாம் சாத்திய வீட்டில் அது உள்ளே அழுத்தத்தைக் குறைத்து, மண்ணிலிருந்து இன்னும் கொஞ்சம் இழுத்துவிடும். எக்ஸாஸ்ட் ஓடும்போது எங்காவது ஒரு ஜன்னல் திறந்திருக்கட்டும்.

தரை பூரா டைல்ஸ் ஒட்டியாச்சு, விரிசலையும் அடைச்சுட்டோம். இனிமே வராதில்ல?

வரும். வாயுவுக்கு மயிரிழை போதும். டைல்ஸுக்கு நடுவே உள்ள கோடு, கட்டிலுக்கு அடியில் கண்ணில் படாத ஓரம், கதவு நிலைக்குக் கீழே என்று எதையாவது விட்டுவிடுவோம். நாளைக்குப் புது விரிசலும் விழும். அடைப்பதை மட்டும் நம்பி யாரும் உத்தரவாதம் கொடுப்பதில்லை.

அதற்காக அடைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. குழாய் வரும் ஓட்டையைச் சுற்றி பி.யு. (பாலியூரித்தேன்) சீலன்ட் போடுங்கள், வெள்ளை சிமென்ட் ஒரு வருடத்தில் விட்டுப்போகும். புழங்காத பாத்ரூம் ட்ராப்பில் வாரம் ஒரு மக்கு தண்ணீர் ஊற்றுங்கள். சம்ப் மூடிக்கு ரப்பர் பட்டை வையுங்கள். இவையெல்லாம் அடுத்த கேள்வியில் வரும் வேலைக்கு முன் செய்யும் ஒத்தாசை வேலைகள்.

அப்ப நெசமாவே குறைக்கறதுக்கு என்னதான் வழி?

வாயு வீட்டுக்குள் வருவதற்கு முன்பே தரைக்கு அடியிலேயே பிடித்து மேலே விடுவதுதான். கேட்கப் பெரிதாக இருக்கும், செய்வது பிளம்பர் வேலைதான். அறை மூலையில் அல்லது படிக்கட்டுக்கு அடியில் கோர் கட்டிங் மெஷினால் நாலரை இஞ்சுக்கு ஓர் ஓட்டை. அதற்குள் கைவிட்டு ஒரு பக்கெட் மண்ணை வெளியே எடுத்து ஒரு குழி பண்ண வேண்டும், அப்போதுதான் உறிஞ்சும் இடம் கிடைக்கும். நாலு இஞ்ச் பி.வி.சி. பைப்பை இறக்கி, சுற்றிலும் சீலன்ட் போட்டு, சுவரோரமாக மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், அங்கே ஓர் இன்லைன் டக்ட் ஃபேன் (பைப்புக்கு நடுவிலேயே பொருத்துவது). ஃபேன் மாடியில்தான் இருக்க வேண்டும். வீட்டுக்குள் வைத்தால் ஃபேனுக்கு மேலே உள்ள பைப் அழுத்தத்தில் இருக்கும், ஒரு ஜாயின்ட் விட்டுப்போனாலும் அத்தனை ரேடானும் வீட்டுக்குள்ளேயே. பைப் கிடையாகப் போகும் இடத்தில் தண்ணீர் தேங்காமல் ஓட்டைப் பக்கமே சரியும்படி வாட்டம் கொடுக்க வேண்டும்.

வேலை செய்கிறதா என்று பார்க்க நான் ஊதுபத்தி வைத்துக்கொள்கிறேன். ஃபேனைப் போட்டுவிட்டு, அறையின் எதிர் மூலையில் ஒரு பென்சில் கனத்துக்கு ஓட்டை போட்டு, அதன் வாயில் ஊதுபத்தியைக் காட்டினால் புகை அப்படியே வளைந்து ஓட்டைக்குள் இறங்க வேண்டும். ஃபேன் இல்லாதபோது புகை ஓட்டையைக் கண்டுகொள்ளாமல் மேலே போகும். அந்தப் புகை திரும்பி உள்ளே போவதைப் பார்த்தபிறகுதான் என் மேஸ்திரிக்கே இதில் நம்பிக்கை வந்தது. இந்த முறையில் பாதியிலிருந்து 99 சதவீதம் வரை குறையும் என்பது அமெரிக்க அனுபவம். ஓதம் ஏறும் தரை காய்வது கூடுதல் லாபம்.

ஃபேன் ராத்திரி பகல் ஓடோணுமா? கரன்ட் பில்லு?

ஓட வேண்டும். நிறுத்தினால் அன்றே ஏற ஆரம்பிக்கும். 20 வாட் ஃபேன் என்றால் இரண்டு மாதத்துக்கு 29 யூனிட் பக்கம், 60 வாட் என்றால் 86 யூனிட். இலவச யூனிட்டில் ஒரு பங்கு போய்விடும் என்பது நிஜம்தான். மின்தடைக்காக இன்வெர்ட்டரில் சேர்க்க வேண்டியதில்லை, இரண்டு மணி நேரத்தில் ஒன்றும் ஆகிவிடாது.

ஒரு ரூம்ல குறைஞ்சுது, ஒட்டுனாப்ல இருக்கற ரூம்ல குறையவே இல்லை. ஏன்?

இது வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டுச் செய்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம். அங்கே வீடு முழுக்க ஒரே தரை, அடியில் ஒரே ஜல்லிப் படுக்கை, ஓர் ஓட்டை போதும். நம் வீட்டில் ஒவ்வொரு சுவரும் அஸ்திவாரத்திலிருந்தே எழும்பி வருகிறது. ஆக, ஒவ்வொரு அறைக்கு அடியிலும் தனித்தனிப் பெட்டி. ஹாலில் உறிஞ்சினால் பெட்ரூம் பெட்டிக்கு அது எட்டாது. கருங்கல் கட்டுமானத்தில் சந்து இருந்தால் கொஞ்சம் எட்டும், பெல்ட் கான்கிரீட் (அஸ்திவாரச் சுவர் மேல் பட்டையாகச் சுற்றிப் போடுவது) போட்டு இறுக்கியிருந்தால் அதுவும் இல்லை. ஒவ்வொரு அறைக்கும் கிளை எடுக்க வேண்டும், அல்லது பேஸ்மட்டச் சுவரில் வெளியிலிருந்தே கிடையாகத் துளைத்து அந்தந்தப் பெட்டிக்குப் பைப் விட வேண்டும். இரண்டாவது வழியில் டைல்ஸ் தப்பிக்கும்.

இன்னொரு காரணம் நிரப்பிய மண். கிராவல், இடிபாடு என்றால் காற்று நகரும். பல்லடம், உடுமலைப் பக்கம் கரிசல் மண்ணையே போட்டு நிரப்பி, தண்ணீர் விட்டுக் கெட்டிப்படுத்தியிருந்தால் சாதாரண டக்ட் ஃபேன் திணறும். காற்று குறைவாகப் போனாலும் உறிஞ்சும் வேகம் அதிகமுள்ள புளோயர் வேண்டும். ஊதுபத்தி சோதனையை முதலில் ஒரு வேக்குவம் கிளீனர் வைத்துச் செய்து பார்த்துவிட்டால் எந்த ஃபேன் என்று முன்னாடியே தெரிந்துவிடும்.

பைப்பைத் தனியா எதுக்குங்க மாடிக்குக் கொண்டு போகோணும்? செப்டிக் டேங்க் வென்ட் பைப்போட சேத்துடலாமில்ல?

கூடவே கூடாது. ஃபேன் நின்ற நேரத்தில் செப்டிக் வாயு திரும்பித் தரைக்கு அடியில் போகும். மழைநீர்க் குழாயோடும் வேண்டாம். ஜன்னலுக்குப் பக்கத்தில் விட்டால் வெளியே விட்டது திரும்ப உள்ளே வரும். வாய் மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே, ஜன்னல், கதவு எதற்கும் பத்தடி தள்ளி இருக்கட்டும். மாடியில் பாய் போட்டுப் படுப்பவர்கள், வடகம் காயவைப்பவர்கள் இருந்தால் இன்னும் கொஞ்சம் உயர்த்துங்கள்.

புதுசா வீடு கட்டறோம். இப்பவே ஏதாச்சும் பண்ணலாமா?

பண்ணுங்கள், செலவு மிகக் குறைவு. பேஸ்மட்டம் நிரப்பி முடித்தபின் மேலே நாலு இஞ்ச் கனத்துக்குச் சுத்தமான 40 எம்.எம். ஜல்லி, தூள் இல்லாமல். அதற்குள் ஓட்டை போட்ட நாலு இஞ்ச் பைப் படுக்க வைத்து, அறைக்கு அறை சுவரைத் தாண்டி இணைத்து, ஒரு டீ (T வடிவ இணைப்பு) வைத்து மேலே எடுத்துவிடுங்கள். ஜல்லி மேல் கனமான பாலிதீன் ஷீட், ஒன்றின் மேல் ஒன்று ஓர் அடி ஏறும்படி விரித்து, பிறகு அதன் மேல் பி.சி.சி. (கம்பி இல்லாத கான்கிரீட்) போடுங்கள். ஷீட்டை விரித்த அன்றைக்கு நீங்களே சைட்டில் நில்லுங்கள். கம்பியும் மண்வெட்டியும் கிழித்துவிடும், கிழிந்ததை யாரும் சொல்ல மாட்டார்கள். பைப்பை மாடி வரை கொண்டுபோய், பல்லி, எலி நுழையாமல் வலை போட்டு விட்டுவிடுங்கள். ஃபேன் இப்போது வேண்டாம். குடி போனபிறகு அளந்து பார்த்து, தேவைப்பட்டால் மாட்டிக்கொள்ளலாம். பைப்பில் "ரேடான்" என்று பெயின்டில் எழுதிவையுங்கள். ஒரு வீட்டில் எழுதாமல் விட்டு, பிறகு வந்த பிளம்பர் அதில் வாஷிங் மெஷின் தண்ணீரை விட்டுவிட்டார்.

எங்க போர் எண்ணூறு அடி. தண்ணியில வருமா?

வரும். ஆழமான பாறைச் சந்தில் நிற்கும் தண்ணீரில் ரேடான் கரைந்திருக்கும். திறந்த கிணற்றிலும் ஆற்றுத் தண்ணீரிலும் மிகக் குறைவு. ஆனால் பொதுக் கணக்கு என்னவென்றால், லிட்டருக்கு 10 பெக்கரல் உள்ள தண்ணீரைப் புழங்கினால் வீட்டுக் காற்றில் 1 பெக்கரல்தான் கூடும். ஐரோப்பாவில் குடிநீருக்கு வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 100. அதாவது அந்த அளவு தண்ணீரே காற்றில் 10-தான் சேர்க்கும். முதலில் மண்ணைக் கவனியுங்கள், தண்ணீர் அப்புறம்.

போர் தண்ணீரை நேரே குழாய்க்கு விடாமல் மேல்நிலைத் தொட்டியில் உயரத்திலிருந்து சிதறி விழும்படி விட்டால் நிறையப் பறந்துவிடும். கொதிக்க வைத்தாலும் போய்விடும். ஆர்.ஓ. மெஷின் உப்பை நிறுத்தும், கரைந்த வாயுவை நிறுத்தாது.

சமையல் மேடைக்குக் கருப்பு கிரானைட் போட்டிருக்கோம். சாம்பல் கல்லுல சுவர். எல்லாத்தையும் மாத்தோணுமா?

வேண்டாம். கிரானைட் மேடையிலிருந்து வருவது மொத்தத்தில் சிறு துளி. ஃப்ளை ஆஷ் கல்லில் ரேடியம் இருந்தாலும் சாம்பல் துகள் கண்ணாடி மாதிரி உருகி இறுகியது, ரேடான் எளிதில் வெளியே வராது. மேலே பூச்சும் பெயின்டும் இருக்கிறது. கிரானைட் வியாபாரியைச் சந்தேகிக்கும் நேரத்தில் தரை ஓரத்தைப் பாருங்கள்.

நாங்க மூணாவது மாடி.

நிம்மதியாக இருங்கள். மண்ணை விட்டு மேலே போகப் போகக் குறையும்.

உடம்புல எவ்வளவு ஏறியிருக்குதுன்னு ரத்தத்துல பார்க்கலாமா?

பயன்படும்படியான பரிசோதனை கிடையாது. வீட்டைத்தான் அளக்க முடியும். விடாத இருமல், சளியில் ரத்தம் என்றால் ரேடானைப் பற்றி யோசிக்காமல் நெஞ்சக டாக்டரைப் பாருங்கள். புகைப்பவரின் வீட்டில் ரேடான் 200 என்று தெரிந்தால் ஃபேன் வாங்கும் முன் பீடிக்கட்டை நிறுத்துவதுதான் பெரிய குறைப்பு, மேலே ஆயிரத்துக்கு எத்தனை என்று சொன்ன கணக்கை இன்னொரு தடவை பாருங்கள்.

உங்க மிஷினை ஒரு மாசத்துக்குக் குடுப்பீங்களா?

கொடுப்பேன், ஆனால் மூன்று மாதத்துக்கு. பேட்டரி உங்களுடையது. இப்போது சென்னிமலையில் ஒரு நெசவாளர் வீட்டில், தறிக்குழிக்குப் பக்கத்தில் இருக்கிறது. குழித்தறியில் காலை மண்ணுக்குள் விட்டு நாள் முழுக்க உட்காருகிறாரே என்று எனக்கே சந்தேகம். தைப்பொங்கலுக்குப் பிறகு கேளுங்கள்.